மீனுக்குக் கேப்பை மாவு

சமணர் வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், தூக்கம் வரும்வரை என்னதான் செய்வது? மகள் அனுஷா கல்யாணமாகிப் புனே போன பிறகு, என் மனைவி ஞானமதி அந்த நேரம் முழுவதையும் பால்கனியில் செலவழித்தாள். திண்டிவனத்தில் எங்களுடையது மாடி வீடு. பால்கனி ஒரு கட்டில் போடும் அகலம். அதற்குள் ஓமவல்லி, புதினா, வல்லாரை, துளசி. நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் அல்லி. கிடங்கல் ஏரியிலிருந்து சேறும் தண்ணீருமாக அவளே எடுத்துவந்தது.

ரொம்ப நாள் வெறும் இலைதான். ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் ஒரு மொட்டு தெரிந்தது. அன்றுமுதல் விளக்கைப் போடாமல் இருவரும் தொட்டியருகே உட்கார்ந்திருப்போம். ஓமவல்லி வாசம் வரும். தொட்டிக்குள் மேகம் நகரும். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

"நேத்து கனவுல இது பூத்துச்சுங்க. அனுஷா சின்னக் கொழந்தையா தண்ணியில கைய விட்டுக்கினு இருந்தா" என்பாள்.

நாளெல்லாம் மல்லாட்டை மண்டியில் கடலை விலை கத்திவிட்டு வருகிறவன் நான். எனக்கே அந்த மொட்டின்மேல் பாசம் வந்துவிட்டது.

அதற்கு வினையாக வந்து சேர்ந்தாள், கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் அன்புச்செல்வி. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"புழு நெளியுது பாருங்கம்மா. தெருவுல டெங்கு காய்ச்சல். மருந்து ஊத்தட்டா?"

"அதுங்க செத்துடுமே."

"அதுக்குத்தானே ஊத்துறது?"

"வேணாம்மா."

"அப்ப கீழ கொட்டிடுங்க."

"தரையில துடிக்கும்."

அன்புச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஓமவல்லியைப் பார்த்தேன். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவளிடம் நான் என்ன பேசுவது? "சனிக்கிழமை வர்றேன். அப்பவும் புழு இருந்தா செடியோட கவுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் இரண்டு கப்பி மீன் வாங்கிவந்து தொட்டியில் விட்டேன். அழகுக்கு என்றேன். மீன் புழுவைத் தின்றால் பாவம் மீனுக்கு, நமக்கென்ன என்பது என் எண்ணம். ஆனால் இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவளுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியாதா? கேப்பை மாவைப் பிசைந்து கடுகளவாக உருட்டிப் போட ஆரம்பித்தாள். காலையில், மதியத்தில், மறுபடி பொழுது சாய்வதற்குள்.

"வயிறு ரொம்பிட்டா அது ஏங்க இன்னொண்ணத் தின்னப்போவுது?"

சனிக்கிழமை மீன் இரண்டும் வயிறு புடைத்து அசையமாட்டாமல் மிதந்தன. பக்கத்திலேயே புழுக்கள் சௌக்கியமாக நெளிந்தன. அன்புச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மீனையும் சைவமாக்கிட்டீங்களேம்மா."

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நேரம் கீழ்வீட்டு வெனிலா கைக்குழந்தையோடு மேலே வந்தாள். "இருதய அருணுக்குச் சளி. ரெண்டு ஓமவல்லி எல குடுங்க ஆன்ட்டி."

இலை கிள்ளப் போன ஞானமதி, குழந்தையின் கன்னத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். கன்னமெல்லாம் சிவந்த தடிப்பு. "இன்னா இது?"

"கொசு ஆன்ட்டி. வலை கட்டினாலும் எப்படியோ பூந்துடுது."

வெனிலா அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களைச் சுட்டது. சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஞானமதி அன்புச்செல்வியிடம் திரும்பினாள். "கவுக்காத அன்பு. பொழுதுக்குள்ள நானே எடுத்துடுறேன்."

எங்கள் வீட்டில் குடிதண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டுவோம். துணியில் தங்கும் உயிரை, தண்ணீர் எங்கிருந்து வந்ததோ அங்கேயே அலசிவிட வேண்டும் என்பது முறை. குழாய்த் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவாய் என்று நான் கேலி செய்வதுண்டு. அன்று அந்த வெள்ளைத் துணியில் தொட்டித் தண்ணீரைச் செம்பு செம்பாக வடித்தாள். புழுக்கள் ஒரு வாளியில், அல்லி சேற்றோடு இன்னொரு வாளியில். மீன்கள் பாட்டிலில் வெனிலா வீட்டுக்குப் போயின.

"அல்லிய வேற தண்ணியில வச்சிக்கலாமே" என்றேன்.

"தண்ணி நின்னா மறுபடியும் கொசு வரும். வந்தா என்னால கொல்ல முடியாது. என்னப் பத்தி எனக்குத் தெரியுங்க."

ஸ்கூட்டரில் கிடங்கல் ஏரிக்குப் போனோம். ஏரியிலும் மீன் இருக்குமே என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவள் கரையில் உட்கார்ந்து துணியை நிதானமாக அலசினாள். நான் மதகோரம் முழங்கால் தண்ணீரில் இறங்கி அல்லியை ஊன்றினேன். மொட்டின் நுனியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் ஞானமதி அழுதுவிட்டாள்.

தொட்டியில் மண்ணைக் கொட்டி வல்லாரையை நட்டோம். சாயங்காலங்களில் அங்கே உட்கார இருவருக்குமே மனசு வரவில்லை.

சில நாள் கழித்து, வெனிலாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனோம். அந்தி. வானம் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை. ஏரி முழுக்க அல்லிகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. கனவுக்குள் நிற்பது போலத்தான் இருந்தது.

"நம்மளுது எதுங்க?" என்று ஞானமதி கேட்டாள்.

மதகுப் பக்கம் காட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் இடுப்பிலிருந்த குழந்தை நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, கரையோரம் விரிந்த ஒரு பூவை நோக்கிக் கையை நீட்டிச் சிரித்தான். கன்னத்துத் தடிப்பெல்லாம் ஆறியிருந்தது.

"அதுதான்" என்றாள் ஞானமதி. "பாத்தீங்களா, அவனுக்குத் தெரியுது."

நான் கையை இறக்கிக்கொண்டேன்.

"அதேதான்" என்றேன்.