மூன்றாவது மேசையில் ரமிரோ

யதீரா சாவு வீட்டுக்குப் போகிற உடுப்பில் வந்து நின்றாள். கழுத்துவரை மூடிய கறுப்பு கவுன், இந்த வெக்கையிலும் கறுப்புக் காலுறை, காதில் பொட்டு முத்து, கையில் வெள்ளைப் பூக்கள். அக்டோபர் வெயில் இன்னும் இறங்கவில்லை. கேளிக்கைப் பூங்கா வாசலில் மண்டையோடு போட்ட பனியன்களும், கன்னமெல்லாம் சாய ரத்தம் பூசிய கல்லூரிப் பெண்களுமாக ஒரே கும்பல். அத்தனை பேரில் இவள் ஒருத்திதான் நிஜமாகவே துக்கம் கேட்க வந்தவள். பார்க்கிறவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது? "ஆன்ட்டி, வேஷம் அட்டகாசம்," என்று ஒரு பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். யதீரா ஒன்றும் புரியாமல் அவளுக்கு நன்றி சொன்னாள்.

பையைச் சோதித்த காவலாளி உள்ளே இருந்த மெழுகுவர்த்தியை எடுத்து ஓரமாக வைத்தான்.

"உள்ள நெருப்பு கூடாதும்மா."

"பேய் பிசாசு எல்லாம் இருக்கலாம், ஒரு மெழுகுவர்த்தி இருக்கக் கூடாதா? நல்ல சட்டம்யா உங்களுது," என்றாள் யதீரா. பூக்களை மட்டும் விட்டுவிட்டான்.

பக்கத்தில் நின்ற இவெலிஸ் அந்தப் பூக்களையே பார்த்தாள். கூட்டி வந்தவள் அவள்தான். 'உங்க தம்பி முகத்தக் காட்டுறேன், வாங்க' என்று சொன்னதும் அவள்தான். ஆனால் நாத்தனார் இப்படிப் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பி வருவாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. யதீரா ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். எந்த உடுப்பைப் போட்டாலும் லேசாக வெளுப்புத்தூள் வாசனை அடிக்கும். இன்று அதையும் மறைக்கிற அளவுக்கு வாசனைத் தண்ணீர் தெளித்திருந்தாள். பெரிய இடத்துத் துக்கத்துக்குக்கூட அவள் இவ்வளவு சிங்காரித்து வந்து இவெலிஸ் பார்த்ததில்லை.

ரமிரோ யதீராவுக்கு ஒரே தம்பி, இவெலிஸுக்குப் புருஷன். கிஸ்ஸிமி ஊரில் மூவருமாகக் குடியிருந்த காலத்தில் இதே பூங்காவின் பட்டறையில் தச்சனாக இருந்தான். ஒவ்வொரு அக்டோபரும் ஜனங்களைப் பயமுறுத்த இங்கே எழும்புகிற பேய் வீடுகளுக்குப் பலகை அறைந்து, சுவர் நிறுத்தி, கதவு கிரீச்சிடுவதற்கென்றே கீல்களைக் கெடுத்து வைப்பான். ஒரு நாள் பொம்மைப் பிணம் செய்கிறவர்களுக்கு அச்சு எடுக்க ஒரு முகம் தேவைப்பட்டது. வேலை நேரத்தில் சும்மா படுத்துக் கிடக்கலாம் என்றதும் இந்தச் சோம்பேறி முந்திக்கொண்டான். மீசையில் வாசலின் தடவி, மூக்கு ஓட்டையை மட்டும் விட்டு முகமெல்லாம் பசையை ஊற்றினார்களாம். "இனிமே என்னை இஷ்டத்துக்குக் கொன்னுக்கலாம், அச்சு அவங்ககிட்ட பத்திரமா இருக்கு," என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தான். யதீரா அன்றே சிலுவை போட்டுக்கொண்டு அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. தம்பி எவ்வளவோ கூப்பிட்டும், கிண்டல் பண்ணியும், பேய் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தவள் இல்லை.

பிறகு, செத்துப்போன அப்பாவின் வீட்டுக் கூரையைச் சரிபண்ண ரமிரோ பிறந்த தீவான போர்த்தோ ரீக்கோவுக்குப் போனான். போன இடத்தில் பெரும்புயல் வந்தது. தீவு முழுக்க விளக்கு இல்லை, தொலைபேசி இல்லை, விமானம் இல்லை. மண்சரிவு இறங்கி வீட்டின் பாதியை மூடியதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனைத் தோண்டி எடுத்து, கிடைத்த பலகையில் பெட்டி செய்து, பாதிரியார்கூட வர வழியில்லாமல் காப்பித் தோட்டத்து ஓரத்தில் புதைத்ததும், எல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் இங்கே சேதி வந்தது. பாதை திறந்ததும் இரண்டு பெண்களும் ஓடினார்கள். ஈர மண்ணும், பெயிண்டில் பெயர் எழுதிய ஒரு சிலுவையும்தான் மிச்சம். இவெலிஸ் மண்ணில் விழுந்து அழுதாள். யதீரா நின்றபடியே கேட்டாள்: "இதுக்குள்ள யாரு இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. செத்தவருக்காக ஒன்பது ராத்திரி ஜெபமாலை சொல்வது இவர்கள் வழக்கம். ரத்த உறவுதான் அதை வீட்டில் வைக்க வேண்டும். ரமிரோவுக்கு யதீராவை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் முகத்தைப் பார்க்காமல் ஜெபம் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். வருஷம் ஆறாகிவிட்டது. கோயிலில் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது தம்பி பெயர் வரக் கூடாது என்று பாதிரியாரிடமே சண்டை போட்டாள். கடை வரிசையில் எவனாவது தம்பி மாதிரியே கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றால், பின்னாலேயே போய் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

இவெலிஸுக்கு இப்போது எலியாஸ் என்று ஒருவன் இருக்கிறான். பேருந்து ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், நல்லவன். ஜனவரியில் கோயிலில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். சட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை, பாதிரியாருக்கும் இல்லை. யதீராதான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ஜெபம் நடக்காதவன் செத்தவன் இல்லடி. புருஷன் இருக்கறப்போ இன்னொருத்தன் கையப் புடிச்சிக்கிட்டு என் கண்ணு முன்னாடி நடப்பியா?" அவளை மீறி நடக்க இவெலிஸால் முடியவில்லை. புயலுக்குப் பிறகு இவள் பட்டினி கிடந்தபோது பாத்திரம் பாத்திரமாகச் சோறு கொண்டுவந்து வாயில் ஊட்டியவள் அவள்.

இந்த வருஷம் பேய் வீடுகள் திறந்த முதல் வாரத்தில்தான் இவெலிஸ் அதைப் பார்த்தாள். காதலித்த காலத்திலிருந்தே ரமிரோவோடு எல்லா வீடுகளுக்கும் போய் வந்தவள், அந்தப் பழக்கத்தை விட மனசில்லாமல் தனியாகவே போய்க்கொண்டிருந்தாள். 'ஆற்றங்கரை ஆஸ்பத்திரி' என்றொரு புது வீடு. அதன் பிணவறையில் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு பொம்மைப் பிணம். மூன்றாவது மேசையில் ரமிரோ படுத்திருந்தான். முகவாயில் சின்ன வயசுத் தழும்பு, சாய்ந்த மூக்கு, அதே மீசை. அறையே அலற, இவள் ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல் நின்றாள்.

அப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தாள். உள்ளே நிற்க விட மாட்டார்கள், நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேசையைக் கடக்கிற நேரத்துக்குள் ஒரு வாக்கியம் சொல்லலாம். 'உன் ஸ்வெட்டரைக் குடுத்துட்டேன்' என்று ஒரு நாள். 'எலியாஸ் கேட்டான், சரின்னுட்டேன்' என்று ஒரு நாள். பதில் வரவில்லை. வராததையே அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. தனக்கு ஆறுதல் தந்த முகம் யதீராவுக்கும் தரும், அவள் அழுது தீர்த்து ஜெபத்தை வைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த ஏற்பாடு. யதீராவும் சத்தியம் பண்ணியிருந்தாள்: முகத்தைக் காட்டு, மறுநாளே ஜெபம். அவளுக்கு விடுப்பு வெள்ளிக்கிழமை. அதனால் வெள்ளிக்கிழமை வந்தார்கள்.

வரிசையில் நிற்கும்போது ஒலிபெருக்கி ஓதிக்கொண்டே இருந்தது: நடிகர்களைத் தொடாதீர்கள், அவர்களும் உங்களைத் தொட மாட்டார்கள்.

"தொடக் கூடாதாமே?" என்றாள் யதீரா.

"பொம்மைதானே அக்கா. லேசா தொட்டுக்குங்க. நான் மறைச்சிக்கிறேன்."

"அவன் மூஞ்சி எப்படி இருக்கும்? வலிச்ச மாதிரியா?"

"இல்லக்கா. தூங்குற மாதிரி."

யதீரா தலையாட்டினாள். இவெலிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததும் பனிப்புகையும் டெட்டால் வாசனையும் மூக்கில் ஏறின. சுவர் இடுக்கிலிருந்து கத்தரிக்கோலோடு ஒரு நர்ஸ் பாய்ந்தாள். முன்னால் போன வாலிபர்கள் வீறிட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யதீரா மட்டும், "தள்ளு கண்ணு, நான் என் தம்பியப் பாக்கப் போறேன்," என்று அவள் தோளருகே விலக்குவதுபோல் கையைக் காட்டினாள். நர்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒதுங்கி வழி விட்டாள். காலமெல்லாம் பேய் வீட்டுக்குப் பயந்தவள் இன்று எதையும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இவெலிஸ் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

பிணவறைத் திரையை விலக்கியதும் சில்லென்று அடித்தது. விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. மூன்றாவது மேசை. அதே முகம். இவெலிஸ் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. யதீரா பார்த்துவிட்டாள். "ஐயோ, என் ராசா," என்று தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் வந்தது. பூக்களை அவன் நெஞ்சில் வைத்தாள். குனிந்தாள்.

அப்போதுதான் பூக்கள் மெல்ல ஏறி இறங்குவதை இவெலிஸ் கண்டாள்.

இது வெள்ளிக்கிழமை. கூட்டம் மிகுந்த நாட்களில், வரிசையில் கிடக்கிற பொம்மைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே அச்சில் செய்த முகமூடி மாட்டிய ஆளைப் படுக்க வைப்பார்கள். பழகிய கண்ணையும் ஏமாற்றுவதற்காகச் செய்கிற பழைய தந்திரம். வருஷா வருஷம் வந்து போகிறவள், இதைச் செய்கிறவனோடு குடும்பம் நடத்தினவள், அவளுக்கே இது நினைவில்லாமல் போயிற்று. "அக்கா, வேணாம்," என்று கை நீட்டுவதற்குள் யதீரா தம்பியின் நெற்றியில் உதட்டைப் பதித்துவிட்டாள்.

அவன் துள்ளி எழுந்திருக்க வேண்டும். அலற வேண்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் அசையவில்லை. யதீராவும் நெற்றியிலிருந்து உதட்டை எடுக்கவில்லை. அவள் கண்ணீர் ரப்பர் கன்னத்தில் வழிந்து காதுப்பக்கம் போனது. பின்னால் வரிசை நெருக்கியடித்தது. யாரோ "நகருங்க" என்று கத்தினார்கள். அப்போது ரமிரோவின் முகத்தில் இரண்டு கண்கள் திறந்தன. ஈரமான, உயிருள்ள கண்கள். அவை யதீராவின் தோளுக்கு மேலாக நேரே இவெலிஸைப் பார்த்தன. அவள் சட்டென்று, எலியாஸ் போட்டுவிட்ட மோதிரம் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பயப்படாதீங்கம்மா," என்றது அந்த முகம், ரகசியம் பேசுகிற குரலில். தீவுப் பேச்சு. மலைப்பக்கத்து இழுவை அப்படியே இருந்தது. "அழாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குள் ஊழியன் ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு வந்து இரண்டு பேரையும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே அனுப்பிவிட்டான்.

வெளியே வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. எண்ணெயில் பொரிகிற மாவின் வாசனையும், தூரத்தில் ரம்ப இயந்திரத்தோடு ஒருவன் பிள்ளைகளைத் துரத்துகிற சத்தமுமாக இருந்தது. யதீரா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். இவெலிஸ் அவள் முன்னால் குனிந்து நின்றாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. அது பொம்மையாத்தான் இருக்கும், எப்பவும். இன்னிக்குப் பாத்து ஆள வச்சிருக்கானுங்க. யாரோ நம்ம ஊர்ப் பையன், முகமூடி போட்டுக்கிட்டு..."

"எனக்குத் தெரியாதாடி? நான் என்ன பைத்தியமா?"

இவெலிஸுக்கு உயிர் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பயந்து பயந்து கேட்டாள். "முகத்தப் பாத்துட்டீங்கல்ல. ஜெபம்... நாளைக்கு வச்சிரலாமா?"

யதீரா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அழுது சிவந்த கண்தான். ஆனால் அந்த முகத்தில் ஆறு வருஷமாக இல்லாத ஒரு தெளிவு.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றான். அவனுக்குப் போயி ஜெபம் வைக்கச் சொல்றியே."

"அக்கா, அது அவரு இல்ல..."

"தெரியும்னுதான் சொல்றேன்ல. சூடா இருந்துச்சுடி நெத்தி. கொஞ்சம் காய்ச்சல் மாதிரி."

சொல்லிவிட்டு எழுந்து நேரே வரிசையின் வாலைப் பார்த்து நடந்தாள். இவெலிஸ் ஓடிப்போய்ப் பிடித்தாள். கெஞ்சினாள். வீட்டுக்குப் போகலாம், எலியாஸ் சாப்பாடு பண்ணி வைத்திருப்பான், நான் தப்புப் பண்ணிவிட்டேன், வாங்க அக்கா. எதுவும் காதில் ஏறவில்லை. வரிசை வளைந்து வளைந்து நகர்ந்தது. இவெலிஸுக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு புதைத்துவிடலாம் என்று வந்த இடத்தில் ரமிரோவைத் தானே எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். அந்தக் கண்களை நினைத்தாள். யாரோ முன்பின் தெரியாத பிள்ளையின் கண்கள் அவை. ரமிரோவுக்குக் கண் இன்னும் சின்னது. எல்லாம் தெரிந்தும், அவை தன்னை அடையாளம் கண்டுகொண்டதாகத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. புதன்கிழமைகளில் தான் சொன்ன அத்தனையும் அந்த முகத்துக்குக் கேட்டிருக்கிறது.

"உதட்டுச்சாயம் வச்சிருக்கியா?" என்று யதீரா கேட்டாள்.

இவெலிஸ் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். யதீரா கைபேசியின் கறுத்த திரையில் பார்த்து, நிதானமாக, ஓரம் பிசகாமல் பூசிக்கொண்டாள். உதட்டை ஒன்றோடொன்று ஒற்றினாள். பிறகு தம்பி பெண்டாட்டியின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மூஞ்சியப் பாரு, பேயறஞ்ச மாதிரி. இப்படியே போயி நின்னா அவன் என்ன நெனப்பான்?"

கையைத் தட்டிவிட்டிருக்கலாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசை நகர்ந்தது, பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். இவெலிஸ் கண்ணை மூடிக்கொண்டு, பூசுவதற்கு வாகாக உதட்டைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினாள்.