கிணற்றுக்குள் வந்த உப்பு

யால்மருக்கு இதயம் பலவீனம். உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கிழவரும் வாயைக் கட்டிக்கொண்டார். உப்புப் போட்ட பன்றிக்கறி போயிற்று, உப்பில் ஊறப்போட்ட மீனும் போயிற்று. அப்படியும் கணுக்கால் வீக்கம் வடியவில்லை. ஜனவரியில் கிணற்று நீரைச் சோதித்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. தண்ணீரிலேயே உப்பு.

"ஊர் பூரா உப்பக் கொட்டுறது யாரு? நீதானே!" என்று மருமகள் டாக்னி மேல் பாய்ந்தார். அந்த ஊரில் சாலைப் பனியைத் தள்ளி, ஐஸ் உருக உப்புத் தூவும் லாரி ஓட்டுபவள் அவள்.

"மூணு வருஷமா நான் பாதிதான் போடுறேன் மாமா. குளிர் ரொம்ப ஏறிட்டா வெறும் மணல்தான். அந்தக் குளிர்ல உப்பு எதையும் உருக்காது."

"அப்ப வானத்துலேருந்து விழுந்துச்சா?"

அந்தக் கேள்வி டாக்னியைப் பிடித்துக்கொண்டது. ஒன்று புரியவில்லை என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. உப்பு இருந்தால் வெள்ளைக்கோடு ஏறிக் காட்டும் சோதனைத் தாள்களை வாங்கி வந்து, சாலையோரப் பனியை உருக்கி நனைத்தாள். கோடு கொஞ்சம்தான் ஏறியது. உறைந்த ஏரியில் மீன் பிடிக்கத் துளைத்த ஓட்டையிலும் அப்படித்தான். மாமனார் கிணற்றுக்கு மேட்டில், சர்ச்சுக்குப் பின்னால் உறையாமல் கசியும் ஊற்றில் நனைத்தபோது கோடு உச்சிக்கே போய்விட்டது.

சர்ச்சுக்கு வேலையாள் கிடையாது. பிறகு அங்கே உப்புக் கொட்டுவது யார்?

ஞாயிறு காலை சர்ச்சுக்கு எதிரே லாரியை நிறுத்திக் காத்திருந்தாள். முதலில் ஆர்கன் வாசிக்கும் ஆர்டிஸ் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காபி டப்பாவிலிருந்து படிகளில் உப்பைக் கொட்டி உள்ளே நழுவினாள். அடுத்து ஊர்க்காரர் ஓர்வில். பூட்ஸால் தேய்த்துப் பார்த்தார், ஐஸ் இளகவில்லை, டப்பாவையே கவிழ்த்தார். இப்படி ஐந்து பேர். செய்த நல்லதை வாய்விட்டுச் சொல்வது அந்த ஊரில் வெட்கக்கேடு. ஆகவே ஒருவர் கொட்டுவது இன்னொருவருக்குத் தெரியாது.

ஆறாவதாக டப்பாவோடு வந்தவர் யால்மர்!

டாக்னி குதித்து இறங்கினாள். "மாமா! என்ன பண்றீங்க?"

"கத்தாத. யாராவது விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா? இங்க ஒருத்தனுக்கும் அக்கறை இல்ல. பதினோரு வருஷமா நான் ஒருத்தன்தான் போடுறேன்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேரு போட்டாச்சு! கீழ பாருங்க."

கிழவர் படியைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த லாரிக் கதவைப் பார்த்தார். இருக்கைக்கு அடியில் ஒரு சிவப்புக் காபி டப்பா.

"அது என்ன?"

சிரிப்பு சட்டென்று நின்றது. சனிக்கிழமைதோறும் கடைசிச் சுற்று முடிந்து வீட்டுக்குப் போகும்முன் இதே படிகளில் ஒரு டப்பா கொட்டுவாள். ஒரு டப்பாதானே என்று அதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"போன வருஷம் நீங்க இங்க வழுக்கி விழுந்தீங்களே மாமா… உங்களுக்காகத்தான்."

யால்மர் உள்ளே போய் விளக்குமாறும் வாளியும் எடுத்து வந்து அவளிடம் நீட்டினார்.

"எனக்காகப் போட்டத, எனக்காகவே கூட்டி அள்ளு. நான் உள்ள போயி மத்த அஞ்சு பேரையும் கூட்டிட்டு வரேன்."