எல்லைக்கு வெளியே, சாம்பல் நிறத்தில்

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. மிகச் சிறிய சண்டை. சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர் வீட்டில், ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக உலகத்தோடு பேசும் வானொலி) போட்டிக்கு முந்தைய நாள், கணவனும் மனைவியும் கணினி முன் உட்கார்ந்து, திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் டிக் போடுவதா வேண்டாமா என்று வாதாடினார்கள். நான் காபியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசிய நான்கு வரிகள் உண்மை. பெயர்களும் மற்றவையும் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: கொல்லிமலைக்குப் பின்னாலிருந்து சூரியன் ஒரு பழைய—

(வேண்டாம். அது சூரியனாகவே இருக்கட்டும்.)

இரண்டாவது: மதுமதிக்குத் தென் அமெரிக்கா வேண்டும்.

இது நிற்கிறது. ரேடியோவில் பேசும் உரிமம் அவளுடையது. போட்டியில் எத்தனை நாடுகளோடு பேச முடியுமோ பேசி, மென்பொருளில் பதிய வேண்டும். மற்ற கண்டங்கள் கிடைத்துவிட்டன. தென் அமெரிக்கா ஒருமுறைகூட இல்லை. அந்தக் குரல்கள் விடியலில் கொஞ்ச நேரம்தான் இங்கே எட்டும். மலைக்கு மேலே வெயில் ஏறினால் போயிற்று.

'இன்னார் இந்த அலைவரிசை எண்ணில் பேசுகிறார்' என்று மற்ற போட்டியாளர்கள் இணையத்தில் அனுப்பும் துப்புக்கு ஸ்பாட் என்று பெயர். திரையில் அதைச் சொடுக்கினால் ரேடியோ அந்த எண்ணுக்குத் தாவும்.*

* ஆபத்தும் அதுதான். இந்த அலைவரிசையில் நம் எல்லை 7200 கிலோஹெர்ட்ஸில் முடிகிறது. தென் அமெரிக்காக்காரர்களுடையது 7300 வரை போகிறது. எல்லைக்கு வெளியே நாம் கேட்கலாம். பேசினால் உரிமத்துக்கே ஆபத்து; பேச, காலடியில் உள்ள பெடலை மிதித்தால் போதும்.

3

"பேச முடியாத எடத்தையெல்லாம் எதுக்குப் புள்ள காட்டச் சொல்ற? மறைச்சுப்போடு," என்றான் கணவன் ஜெகதீஸ்வரன், எல்லைக்கு வெளியே உள்ள ஸ்பாட்டுகளைக் காட்டும் கட்டத்தைச் சுட்டி.

"பேச முடியாட்டி என்னுங்க? கேக்கலாமில்லீங்க."

"போன வருசம் கேட்ட லட்சணந்தான் தெரியுமே, பெடல்ல கால வெச்சுக்கிட்டு! நான் மைக் ஒயரப் புடுங்காட்டி லைசென்ஸக் கோழி தின்னுருக்கும்."

"ஒயரு புடுங்கறதுன்னா உங்களுக்கு அத்தன குசி."

இந்த நான்குதான் உண்மை. அவன் மறைத்துவிட்டால் அவனுக்கு நிம்மதி, எனக்குக் கதை இல்லை. ஆனால் அவன் பயத்தைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை; அது அவளுக்காகப் பட்ட பயம். வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். வாசகனாக நான் மதுமதியின் பக்கம். வாழ்நாளெல்லாம் பதில் சொல்ல முடியாத இடங்களிலிருந்து வரும் குரல்களைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே சமரசம்: எல்லைக்கு வெளியே உள்ள ஸ்பாட்டுகள் மறையாது, சாம்பல் நிறத்தில் தெரியும்.

4

விடியல். திரையில் ஒரு சாம்பல் வரி: 7215, அர்ஜென்டினா.

மதுமதி சொடுக்கினாள். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. அவள் கால் தானாகப் பெடலுக்குப் போனது.

"சாமி, காலு!" ஜெகதீஸ்வரனின் கை ஒயரில்.

[முதல் வரைவில் ஒயரைப் பிடுங்கிவிட்டான். கதை அங்கேயே செத்தது. அடித்துவிட்டேன்.]

"தெரியுதுங்க. சித்த சும்மா இருங்க. என்னமோ சொல்றான்."

இருவரும் சும்மா இருந்தார்கள். எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி இது.

ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் அந்த ஆள் ஆங்கிலத்தில் ஒன்றையே சொன்னான்: '7150இல் கேட்கிறேன்.' பேசுவது அவன் எல்லையில்; கேட்பது நம் எல்லையில்.

"அட, காத நம்ம பக்கத்துலதான வெச்சிருக்கறான்!" ஜெகதீஸ்வரன் ஒயரை விட்டுவிட்டுச் சிரித்தான். "நானாயிருந்தா இந்த வரிய மறைச்சிருப்பனே."

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே."

கேட்பதை 7215இலேயே விட்டுவிட்டு, பேசுவதை மட்டும் அவள் 7150க்கு மாற்றினாள். மலை விளிம்பு வெளுத்திருந்தது.

5

அர்ஜென்டினாக்காரன் பதில் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். ஜெகதீஸ்வரன் கோழிகளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வெயில் ஏறிக் குரல் கரைந்ததாக இன்னொன்று. அதிலும் இருவரும் சிரித்துக்கொண்டேதான் இட்லி சாப்பிட்டார்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்:

மதுமதி தன் அழைப்புப் பெயரை இரண்டு முறை சொன்னாள். ஜெகதீஸ்வரன் எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். பெடலில் கால் இருக்கும்வரை ரேடியோ பேசும், எடுத்தால்தான் கேட்கும். அவள் காலை எடுத்தாள்.

பதில் வந்தால் 7215இல்தான் வரும். அங்கே பேச எனக்கும் உரிமம் இல்லை. நானும் காலை எடுத்துவிட்டேன்.

கேளுங்கள்.