சேலை கட்டிய பீச் மரம்

கிளைகளைச் சேர்த்துப் பிடித்துச் சேலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், ஒன்றின் தலைப்பில் இன்னொன்றை முடிந்து, அடியிலிருந்து நுனிவரை, பனி விழத் தொடங்கிவிட்டது, விரல்கள் விறைக்கின்றன, கொஞ்சம் பொறு ராசாத்தி, முடிஞ்சுது என்று மரத்துக்குச் சொல்கிறேன், அல்லது சொன்னேன், எந்த வருடம் என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை, ஒட்டாவாவில் எல்லாப் பனிக்காலமும் ஒன்றாகத்தான் கிடக்கிறது. சேலைகள் வேணியுடையவை, என் மனைவி கமலவேணி, வீட்டில் உடுக்கிற பருத்திச் சேலைகளை அலுமாரியில் அப்படியே விட்டுவிட்டுப் போனவள். கன்று விற்கிற கடையில் இதன் இலையைத் தடவிப் பார்த்து, இஞ்சாருங்கோ, அலரி இலை மாதிரியே கிடக்கு, வாங்குவமே என்று கேட்டதும் அவள்தான், குளிர் தாங்குகிற சாதி, எந்தப் பனிக்கும் அசையாது என்றான் கடைக்காரன், நான் நம்பினேனா, இவ்வளவு இனிப்பான பழம் தருகிற மரத்துக்கு எங்களைப் போல வெயில்தான் பிடிக்கும் என்று நானே தீர்மானித்து, வீட்டின் தெற்குச் சுவரோடு ஒட்டி, உடுப்புக் காயவைக்கிற ட்ரையரின் சூட்டுக்காற்று வெளியே வருகிற குழாய்க்குப் பக்கத்தில் நட்டேன், கெட்டிக்காரன்தானப்பா நீங்கள் என்று அவள் சிரிக்கிறாள், கையெல்லாம் மண்.

அந்த வருடக் கடைசியில் மெல்பேர்னில் மகள் நிரோஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, வேணி ஆறு மாதம் என்று சொல்லிப் புறப்பட்டாள், எனக்கு இருதயத்தில் குழாய் வைத்திருந்ததால் அவ்வளவு தூரம் பறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், விமான நிலையத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன், உதென்ன சின்னப்பிள்ளை மாதிரி, உந்தப் பீச் காய்க்கட்டும், முதல் பழம் தின்ன ஓடி வந்திடுவன், சத்தியமா, என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வேறென்ன இருக்கிறது பிடிக்க. ஆறு மாதம் ஒரு வருடமானது, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கோயிலில் பழக்கமான சிவநேசன் ஒருநாள் வந்து பின்வளவைப் பார்த்துவிட்டு, உதென்ன அண்ணை, மரத்துக்குக் கலியாணமோ, மாப்பிள்ளை ஆர் என்று விழுந்து விழுந்து சிரித்தான், சிரியடா, காய்த்தால் உனக்கு ஒரு பழமும் இல்லை என்று மனதுக்குள் திட்டினேன்.

மார்ச் மாதத்தில் ஒரு வாரம் வெயில் எறித்தது, சேலையை விலக்கிப் பார்க்கிறேன், ரோஸ் நிறத்தில் மொட்டு விரிகிறது, ஓடிப்போய் போன் எடுத்தேன், பூத்திட்டுதப்பா, பூத்திட்டுது, உண்மையாவோ என்று அவள் மெல்லக் கேட்டாள், அடுத்த வாரமே பனி திரும்பி வந்தது, பூவெல்லாம் கறுத்துக் கருகிப்போயிற்று. பரவாயில்லையப்பா, வாற வருஷம் பாப்பம் என்றாள் உடனேயே, எவ்வளவு பொறுமை இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் இரண்டு சேலை கூடுதலாகச் சுற்றி உள்ளே ஒரு மின்குமிழையும் எரியவிட்டேன், அது இன்னும் முந்திப் பூத்தது, இன்னும் முந்திக் கருகியது, கனவில் அந்த மரம் சேலையோடு குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றுகிறது, சீனி காணுமோ, இன்னும் போடவோ என்று கேட்கிறது, காணும் வேணி என்கிறேன், எழும்பினால் குசினியில் நேற்றுக் குடித்த கோப்பை ஒன்று மட்டும் கிடக்கிறது. இந்த வயதில் தனிமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தனிமைதான்.

போன இலையுதிர்காலத்தில் அவள் சொன்னாள், நிரோ மூண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறாள், இப்ப எப்பிடி விட்டிட்டு வாறது, நீங்களும் கொஞ்சம் யோசியுங்கோவன், நான் போனை வைத்தேன், எனக்கு வந்த விசருக்குச் சேலைகளை அலுமாரியிலிருந்து எடுக்கவே இல்லை, என்னுடைய இரண்டு சட்டைக்கு ட்ரையர் எதற்கு என்று அதையும் நிறுத்தினேன், கிடந்து சாகு கோதாரி என்று மரத்துக்குச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அது பனிக்குள் மொட்டையாக நின்றது, மார்ச் வெயிலுக்கும் அசையவில்லை, செத்துவிட்டது என்று அரிந்து வீழ்த்த வாள்கூட எடுத்து வைத்திருந்தேன், மே மாதம், பனியெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு காலை ஜன்னலைத் திறந்தால் சுவர் முழுக்கப் பூ. அட பாவி, குளிர் உன்னைக் கொல்லவில்லை, நித்திரை கொள்ளவேண்டிய நேரத்தில் சூடு காட்டி எழுப்பி எழுப்பி நான்தான் உன்னைக் கருக்கினேன், மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், பார்க்கட்டும். வேணிக்குச் சொல்லவில்லை, பழுக்கட்டும், பழத்தோடு சொல்லுவோம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஓகஸ்ட், மாலை வெயில், கிளைகள் பாரம் தாங்காமல் வளைந்து நிற்கின்றன, சேலை இல்லை, சுற்றிப் பிடிக்க என் கைகளும் காணாது, ஒன்றைப் பறித்துக் கடிக்கிறேன், போன் அடிக்கிறது, அங்கே விடிந்திருக்கும். வீடியோவைப் போடுங்கோவன் என்கிறாள், நெட் சரியில்லை என்கிறேன், சின்னவன் தவழத் தொடங்கீட்டான், என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நித்திரை கொள்ளுறான் என்று சொல்லிச் சிரிக்கிறாள், இந்தச் சிரிப்பை இந்த வீட்டில் நான் கேட்டு எவ்வளவு காலம், பின்னால் அம்மம்மா அம்மம்மா என்று இரண்டு குரல்கள், பிறகு மெல்லக் கேட்கிறாள், உங்கட மரம் எப்பிடி, கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அது எனக்குத் தெரிகிறது, முன்பும் அப்படித்தான் நின்றிருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. பழுத்துவிட்டது என்றால் அவள் வரவேண்டும், வராவிட்டால் பிறகு எனக்கு எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. இல்லை வேணி, இந்த முறையும் பூவெல்லாம் கருகீட்டுது என்றேன், அவள் விட்ட மூச்சு காதில் நன்றாகவே விழுந்தது, பரவாயில்லையப்பா, வாற வருஷம் பாப்பம், வாயுக்க என்ன, என்ன சாப்பிடுறியள் என்றாள், சாறு முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது, பாண் துண்டு, என்றேன்.