ஆறு லோடு ஜல்லி

ஓடைக்கரையில் லாரி பின்பக்கமாகத் திரும்புவதைப் பார்த்ததும் மாரிசெல்வத்துக்கு வாயெல்லாம் பல். ஏழாவது லோடும் வந்துவிட்டது, இனிப் பாலம் வேலைதான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். ஜேசிபி ஜல்லிக் குவியலுக்குள் கையை விட்டது. ஒரு அள்ளு அள்ளி லாரிக்குள் கொட்டியது.

"என்னண்ணே, அள்ளுறீக?"

"அள்ளச் சொன்னாக, அள்ளுறோம்," என்றான் லாரி டிரைவர். "மல்லாங்கிணறு பக்கம் ஒரு ஊருக்குப் போகுது. அங்கயும் பாலம் கேட்டு கறுப்புக் கொடி கட்டிருக்காகளாம். ஊராட்சி எலெக்சன் வருதுல்ல."

மாரிசெல்வம் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தான்.

திருச்சுழியிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அவன் ஊர். ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே அந்த ஓடை. வருஷத்தில் பத்து மாசம் அதில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் வந்து ஊரைப் பூட்டிவிடும். நான்கு தேர்தலாக அங்கே மேடை போட்டுப் பாலம் கட்டுகிறார்கள், வாயாலேயே. கட்சி மாறும், மதிப்பீட்டுத் தொகை ஏறும், ஓடை அப்படியே கிடக்கும். முந்தின வருஷம் கார்த்திகையில் அவன் மனைவி செல்லக்கிளிக்கு வலி கண்டபோது நூற்றியெட்டு வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிள்ளை இல்லை. இப்போது மறுபடியும் ஐந்து மாசம். நாள் குறித்துக் கொடுத்திருப்பது ஐப்பசியில்.

அதனால்தான் பங்குனியில் ஊர் கூடி, அய்யனார் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தபோது முதல் ஆளாகக் கையை வைத்தான். பாலம் வராமல் ஓட்டு இல்லை.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால் வேட்பாளரின் ஆள் சங்கரபாண்டியன் வந்தான், ஆறு லோடு ஜல்லியோடு. "நிதி ஒதுக்கியாச்சு மாப்ள. சரக்கே எறங்கிருச்சு, இன்னும் என்ன வேணும்?" என்றான். ஒரு காகிதம் காட்டய்யா என்று கேட்க ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. ஜல்லிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, பெண்கள் குலவை போட்டார்கள். அடக் கொடுமையே, உடைத்த கல்லுக்குக் குலவை! ஊருக்கு ஒரே கவலை, செய்த சத்தியத்தை என்ன செய்வது? அய்யனாரிடமே பூக்கட்டிக் கேட்போம் என்றார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு; எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை வந்தால் ஓட்டுப் போடலாம், சிவப்பு வந்தால் கூடாது.

பொட்டலம் கட்டுகிற வேலை மாரிசெல்வத்துக்கு வந்தது. கோவிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினான். ஐப்பசிக்குள் பாலம் வந்தாக வேண்டும். சாமி குறுக்கே நின்றுவிடக் கூடாதே என்று அவனுக்குப் பயம். வெள்ளைதான் வந்தது. ஊர் திரண்டுபோய் ஓட்டுப் போட்டது.

இப்போது சங்கரபாண்டியனுக்குப் போன் போட்டான்.

"அதுவா மாப்ள? இன்னும் டெண்டரே விடலையே. பைலு மேல போயிருக்கு. நிதி வரும்போது புது ஜல்லியே வரும், விடு."

"ஐப்பசிக்குள்ள வந்திருமா?"

"எந்த ஐப்பசி?" என்று சிரித்தான் சங்கரபாண்டியன்.

மாரிசெல்வம் காறித் துப்பினான். அந்தச் சிரிப்பைவிட, அன்று குவியலைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்ட தன்னை நினைக்கத்தான் அவனுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது. அதற்குள் ஊர்ச்சனம் வந்துவிட்டது.

"லாரிய மறிங்கய்யா! ஒரு கல்லு போகக் கூடாது!" என்று கத்தினான்.

யாரும் அசையவில்லை. ஊர்ப் பெரியவர் கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "பொறுலே. அய்யனாரு வெள்ளப் பூதான குடுத்தாரு? சாமி வாக்கு பொய்க்காது. இது போனா வேற வரும்."

ஆமாம், ஆமாம் என்றார்கள். மாரிசெல்வம் வாயைத் திறந்தான். சொல்லிவிட்டால் மறித்துவிடுவார்கள். சொல்லிவிட்டால் அவனை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். லாரியின் பாதையிலிருந்து ஒதுங்கினான். ஜேசிபி அந்த லோடுக்கான கடைசிக் கையை லாரியில் கொட்டியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லக்கிளி வந்தாள். கையில் துணிப்பை. டிரைவரிடம் போய், "மல்லாங்கிணறுக்கா போறீக? எங்க அம்மா வீடு அங்கதான். என்னையும் ஏத்திக்கோங்க," என்றாள்.

"வயித்துப் பிள்ளைக்காரி, வண்டி குலுக்குமேக்கா."

"மெதுவா ஓட்டுங்க."

"ஏ புள்ள, இப்பவே எதுக்கு? இன்னும் நாளு கெடக்குல்ல," என்று மாரிசெல்வம் அவள் பையைப் பிடித்தான்.

அவள் பையை இழுக்கவில்லை. அவனாக விடும்வரை நின்றாள். "பிள்ள பொறந்து, இந்த ஓடையில தண்ணி வத்துன பெறகு வாரேன்," என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லாரி ஓடையின் காய்ந்த மணலில் இறங்கியது. அக்கரை ஏற அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மாரிசெல்வம் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குப் பின்னால், மிச்ச ஜல்லியை அள்ள வந்த அடுத்த லாரி ஆரன் அடித்து, தள்ளி நிற்கச் சொன்னது.