இன்னும் ஒரு பிடி

"அசையாதேடி, ஊசி குத்திடும்" என்று தையற்காரி மகளை அதட்டினாள். மகளின் கல்யாண உடுப்பை அவள் பிடித்துச் சின்னதாக்கித் தைப்பது இது நான்காவது தடவை. முதுகில் கொக்கி மாட்டப் போன விரல் சட்டென்று நின்றது. மகளின் முதுகெலும்பை ஒட்டி, பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமயிர் படர்ந்திருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. தோலோ ஜில்லென்று இருந்தது.

"என்னடி இது?"

"விடும்மா. இடுப்பு இன்னும் லூசாத்தான் இருக்கு. கொஞ்சம் பிடி."

ஆறு மாதத்துக்கு முன் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "எங்க பையன் பக்கத்துல நின்னா அக்கா மாதிரி தெரியுது. கல்யாணத்துக்குள்ள இளைச்சுட்டாப் போதும்." எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரியும் சிரித்தாள்.

அன்றே மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் இளைக்க இளைக்கத் தெருவே மெச்சியது. பிறகு, சாப்பிடலாம் என்று அவளே நினைத்தபோதும் முடியவில்லை. பிசைந்த சோற்றை வாய்வரை கொண்டுபோய்த் தட்டிலேயே போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

"கண்ணை இருட்டுதும்மா" என்றவள் தாயின் தோளிலேயே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "நாடி ரொம்ப மெதுவா அடிக்குது. சாப்பாடு வரலைன்னதும் உடம்பு எல்லாத்துலயும் சிக்கனம் பிடிக்கும். சூட்டைக் குறைக்கும், அந்தக் குளிருக்குத்தான் முதுகுல பூனைமயிர் முளைச்சிருக்கு. மாதவிலக்கை நிறுத்தும். கொழுப்பு தீர்ந்தா தசையைக் கரைக்கும். இதயமும் தசைதாம்மா."

தையற்காரி வீட்டுக்கு ஓடி, தூக்குச்சட்டி நிறையச் சோறோடு திரும்பினாள். டாக்டரம்மா வழிமறித்தார்.

"இப்ப வயிறு நிறைய ஊட்டினா அதுவே ஆளைக் கொன்னுடும். காஞ்சு கிடந்த உடம்பு ரத்தத்துல இருக்குற தாது உப்பையெல்லாம் உறிஞ்சிடும். இதயம் தாறுமாறாத் துடிக்கும். நாங்க அளந்துதான் குடுப்போம். மனசுக்கும் வைத்தியம் வேணும். மாசக்கணக்காகும்."

கையில் சோறு, எதிரே பட்டினியாய்க் கிடக்கும் மகள். ஊட்டக் கூடாது. தையற்காரி சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா பழங்களோடு வந்தாள். மகள் அரை மணி நேரமாகப் போராடி, அரை டம்ளர் பால் குடித்திருந்தாள்.

"மாசாமாசம் வர்றது நின்னுடுச்சாமே? புள்ள பொறக்குமா?"

"உடம்பு தேறினா சரியாயிடலாம்னாங்க."

"அப்ப தேத்துங்க. ஆனா பழையபடி ஊதிடாம பாத்துக்கங்க."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்திரிங்க" என்றாள் தையற்காரி. "இந்தக் கல்யாணம் வேணாம்."

"யோசிச்சுப் பேசுங்க. இனிமே இவளை யாரு கட்டுவா?"

"உசுரோட இருக்கட்டும். யாரும் கட்ட வேணாம்."

வந்தவள் போய்விட்டாள். மகள் அன்று முழுக்க டம்ளரைத் தொடவேயில்லை.

பத்து நாள் கழித்தும் மகள் வார்டில்தான் இருந்தாள். தையற்காரி பகலில் சிறிது நேரம் கடையைத் திறந்தாள். ஒருத்தி தன் பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இடுப்பை இறுக்கிப் பிடிச்சுத் தைங்க. அப்பதான் வாயைக் கட்டுவா."

சிறுமி தரையைப் பார்த்தபடி வயிற்றை எக்கிக்கொண்டாள்.

"மூச்சைப் பிடிக்காத கண்ணு. நல்லா விடு" என்றாள் தையற்காரி. சிறுமி விட்டாள். அளவு நாடா தளர்ந்து நின்ற இடத்தைப் பார்த்து, தையற்காரி அதற்கு மேல் இரண்டு விரல் கூட்டி எழுதினாள்.

"நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா. பிடிச்சுத் தைக்கிறதை நான் விட்டுட்டேன்."