பன்னிரண்டாவது குணம்

நல்ல ஊழியருக்கு வேண்டிய குணங்கள் மொத்தம் ஐந்து என்று சொல்லித்தான் சொக்கலிங்கம் சார் ஆரம்பித்தார். கப்பல் ஒழுங்காக வந்திருந்தால் அவை ஐந்தாகவே நின்றிருக்கும்.

அறுபத்தாறாம் வருஷத்து நவம்பர். போர்ட் பிளேரில் மரம் ஏற்றி அனுப்புவதைக் கவனிக்கிற ஒரு சின்ன அரசாங்க அலுவலகம். அதில் தற்காலிகக் குமாஸ்தாக்கள் இரண்டு பேர், மரகதமும் குழந்தைவேலுவும். நிரந்தரமாகப் போகிற இடமோ ஒன்று. யாருக்குத் தகுதி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல மெயின்லேண்டிலிருந்து ஒரு பயிற்சி அதிகாரியை அனுப்பிவைத்தார்கள். இருவரோடும் வருஷக்கணக்காக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் தலைமைக் குமாஸ்தா பானர்ஜி பாபுவைக் கேட்டிருந்தால் ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பார். ஆனால் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்ததை அரசாங்கம் எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறது?

சார் கல்கத்தாக் கப்பலில் வந்து இறங்கினார். இரண்டு நாள் வகுப்பு. அந்த வாரமே மெட்ராஸ் கப்பலில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் பத்துப் பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். சார் கோட்டும் டையுமாக வந்து கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதினார். நேரம் தவறாமை, தன்முயற்சி, ஒத்துழைப்பு, பேச்சுத்திறன், தலைமைப் பண்பு. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கோடு.

அந்தக் கோடுகளைப் பார்த்ததுமே மரகதத்துக்கு உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பியது. வெளியே தெரியாத சிரிப்பு. புருஷன் ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இந்தத் தீவுக்கு வந்து, மூன்றாம் வருஷம் மலேரியாவில் செத்துப்போனான். அதன் பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், மறுபடியும் கல்யாணம் பேச வந்தவர்கள், வேலை வாங்கித் தருவதாக வாசலில் நின்றவர்கள் எல்லாரையும் அவள் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் தாண்டி வந்தாள். அவளிடம் நிரந்தரமாக இருந்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் தற்காலிகம். அபர்தீன் பஜாருக்குப் பின்னால் ஒரு மலையாள நர்சோடு பங்கு போட்ட அறை. மகள் நீலா தூத்துக்குடியில், மரகதத்தின் அக்கா வீட்டில். பார்த்து இரண்டு வருஷமாயிற்று. வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், பெண்ணைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் மார்ச்சோடு சீட்டுக் கிழியும். அக்கா வீட்டு அடுக்களையில் அவளும் ஒரு மூலைக்கு ஆளாவாள். சாரின் ஒரு கையெழுத்தில் இவ்வளவும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அலுவலகத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று சார் இரண்டாம் நாள் கேட்டார்.

குழந்தைவேலு எழுந்து, முதலில் மேலதிகாரியைக் காப்பாற்றுவேன், அப்புறம் ஃபைல்களைக் காப்பாற்றுவேன், நேரமிருந்தால் என்னையும் காப்பாற்றிக்கொள்வேன் என்றான். சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நீங்கள், மிஸஸ் மரகதம்?"

"வெளியே போவேன் சார்."

வகுப்பு சிரித்தது. பானர்ஜி பாபு தூக்கத்திலிருந்து விழித்து, எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். சார் மட்டும் சிரிக்கவில்லை. தலைமைப் பண்பில் அவளுக்கு எவ்வளவு போட்டார் என்பது அவர் பேனா பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அன்று மாலை ரேடியோவில் சொன்னார்கள்: மெட்ராஸ் பக்கம் புயல், கப்பல் கிளம்பவில்லை.

தீவில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. சரக்கு வராதே என்று வெங்காயத்தைப் பாதியாக நறுக்கத் தொடங்குவார்கள், அவ்வளவுதான். சாருக்குத்தான் கை கால் ஓடவில்லை. இரண்டு நாள் வகுப்பு முடிந்துவிட்டது. அரசாங்கப் படி மட்டும் தினமும் ஏறிக்கொண்டிருக்கிறது. சும்மா இருக்கிறார் என்று யாராவது எழுதிப்போட்டால் என்ன ஆவது? எனவே ஆறாவது குணம் பிறந்தது, சுத்தம். ஏழாவதாக ஞாபகசக்தி. அடுத்த வாரமும் கப்பலைக் காணவில்லை. பொது அறிவு, மலர்ந்த முகம், கையெழுத்து என்று வரிசையாக வந்துகொண்டேயிருந்தன.

"ஜஹாஸ் நஹி ஆயா?" கப்பல் வந்ததா என்று பானர்ஜி பாபு காலையில் கேட்பார். இல்லை என்று யாராவது சொன்னால், "அப்படியானால் இன்றைக்கு என்ன குணம்?" என்பார்.

பதினோராவது குணம், சூழ்நிலைக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளுதல். அதை நடத்திய அன்று காலையில்தான் சார் கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரனைப் பிடித்து, மறுபடியும் பூசணிக்காயா என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தார். பாவம், அவர் சைவம். ஊரெல்லாம் மீனைத் தின்று திருப்தியாக இருக்க, அவருக்கு மட்டும் உருளைக்கிழங்கு கனவில் வந்துகொண்டிருந்தது. கோட்டு போய்விட்டது, டை போய்விட்டது. பிளேடு தீர்ந்து முகத்தில் நரைத்த முள். கரும்பலகையில் கோடு போடுவதையும் விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் குழந்தைவேலு மீரான் பாய் கடையின் பின்கட்டுக்குப் போய், வெளியே விற்காத உருளைக்கிழங்கில் ஒரு பை நிரப்பிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் மேட்டில் ஏறினான். மரகதம் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவன் பையைப் பின்னால் மறைத்தான். மறைக்கிற அளவுக்குச் சின்னப் பை அல்ல.

"என்ன வேலு, தலைமைப் பண்பு கனக்குதா?"

"நீங்க சிரிப்பீங்கக்கா. உங்களுக்கென்ன, ராணி மாதிரி." அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வராது, அதுவும் அவளுக்குப் பிடிக்காத ஒன்று. "அவர் அஞ்சுங்கிறார், பத்துங்கிறார். எனக்குத் தெரிஞ்சு ஒரே குணந்தான். அதை வேகவச்சா தோலு உரியும்."

"வெக்கமா இல்லையா?"

"இருக்கு. ராமநாதபுரத்துல பொண்ணு வீட்டுக்காரங்க வேலை பெர்மனென்ட்டான்னு கேட்டுக் கடுதாசி போட்டிருக்காங்க. வெக்கப்பட்டேன்னு பதில் எழுதவா?"

அவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அலுவலகத்தில் பெயரே உண்டு. அது தன்மேல் பட்டவன் அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டான். குழந்தைவேலு பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மேலே போனான்.

டிசம்பர் பிறந்த பிறகு கப்பல் கிளம்பிவிட்டதாகத் தந்தி வந்தது. கூடவே இன்னொரு சங்கடமும் வந்தது. ஒரு மாதமாகத் தேங்கிக் கிடந்த அதிகாரிகள், அவர்கள் மனைவிமார்கள், மாமியார்கள் எல்லாருமாகக் கேபின்களை நிரப்பிவிட்டார்கள். கீழ்த்தட்டில் படுத்துப் போகிற பங்க் இடங்கள் அதற்கும் முன்பே போய்விட்டன. கப்பல் அலுவலகத்து வாசலில் ஒட்டியிருந்த பெயர்களில் சொக்கலிங்கம் என்ற பெயர் இல்லை. இதை விட்டால் அடுத்தது பொங்கலுக்குத்தான்.

மரகதத்தின் பெயர் இருந்தது. ஜூன் மாதமே எழுதிக்கொடுத்து, நடையாய் நடந்து வாங்கிய பங்க். அரையாண்டு விடுமுறைக்கு நீலாவிடம் போவதற்கு.

மறுநாள் சார் வகுப்புக்கு வந்து, கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். இதுவரை சொன்ன பதினொன்றும் உடம்பு என்றால், உயிர் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாவது குணம். தியாகம். பிறருக்காகத் தன் சௌகரியத்தை விட்டுக்கொடுப்பவர்தான் உயர் பதவிக்கு வருவார். ஊருக்குப் போகக் காத்திருக்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள் என்றார். ஐம்பத்திரண்டு வயதில் முதியவராகிவிட்டார்.

சின்ன ஊர். யாருக்கு எந்தக் கப்பலில் இடமிருக்கிறது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். வகுப்பில் இருந்த தலைகள் மெல்ல மெல்ல அவள் பக்கம் திரும்பின. பானர்ஜி பாபுவுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "மரகதம் தீதி, உங்களிடம் டிக்கெட் இருக்கிறது அல்லவா?" என்று ஹிந்தியில் உரக்கக் கேட்டார்.

கோபம் வரும் என்று மரகதம் எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக, நெஞ்சுக்குள் யாரோ ஆசுவாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது: இந்த நிமிஷத்துக்காக அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெயர்கள் ஒட்டிய அன்று தன் பெயரைப் பார்த்ததும் அவள் மனசு நீலாவைத் தேடி ஓடவில்லை. கண் கீழே இறங்கி, சாரின் பெயர் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் நின்றது. அன்று ராத்திரி படுத்தபடி அவள் கோத்து வைத்த வாக்கியங்கள்கூட நினைவுக்கு வந்தன. மகளுக்குச் சொல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவை சாரிடம் சொல்லவேண்டிய வாக்கியங்கள்.

குழந்தைவேலுவிடம் இருந்தது உருளைக்கிழங்கு. அவளிடம் கப்பலே இருந்தது. இத்தனை நாள் அவனைப் பார்த்து முகத்தைச் சுளித்தது, கையில் பெரிய சரக்கு இருந்த தெம்பில்தானா?

மதியம் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனாள். சார் பெட்டியை ஏற்கெனவே கட்டியிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. உட்காருங்க. என்ன விஷயம்?" என்று ஒன்றும் அறியாதவர்போலக் கேட்டார்.

"இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் சார்."

"அடடா! நான் கேட்கவே இல்லையே அம்மா."

"நீங்க கேட்கலை சார். கரும்பலகைதான் கேட்டுது."

அவர் சிரித்துவைத்தார். "உங்க குழந்தையைப் பார்க்கப் போறதா பானர்ஜி சொன்னார். எனக்கு மனசே இல்லை..."

"பரிந்துரையை மெட்ராஸ் போய் எழுதி அனுப்பறதாச் சொன்னீங்க. போற வழியில மறந்துபோகும். டைப் அடிச்சுக் கொண்டுவந்திருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டதும் துறைமுக ஆபீசுக்குப் போயி, என் இடம் உங்களுக்குன்னு எழுதிக்கொடுத்துட்டு வந்துடறேன்."

சார் தாளை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் இருந்த முதியவர் காணாமல் போனார். "பதினோரு குணமும் போட்டிருக்கீங்க. எல்லாத்திலயும் மிக நன்று. தலைமைப் பண்புலகூட. பன்னிரண்டாவதை விட்டுட்டீங்களே?"

"அது விலைக்குப் போயிட்டுது சார். வித்ததை எழுதக்கூடாது."

"நீங்க ரொம்பக் கல்நெஞ்சுக்காரி."

"இருக்கலாம் சார். கீழே கையெழுத்து."

அந்தப் பையனும் நல்லவன்தான் என்று சார் முணுமுணுத்தார். நல்ல பையன் பல உருளைக்கிழங்குகளாக அவர் வயிற்றுக்குள் போயிருந்தான். அந்த நன்றியும் அவ்வளவு தூரம்தான் போயிருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஆத்திரம் அடங்காமல், அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: தனக்கு என்ன வேண்டும் என்பதை இவர் நன்றாக அறிந்தவர். ஊசியால் குத்திய திருப்தியோடு தாளை நீட்டினார்.

பானர்ஜி பாபு அந்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தார். "பஹுத் அச்சா!" என்றார். "இப்படி ஒரு வரியை எனக்கு ஒருத்தரும் எழுதியதில்லை." மேலே அனுப்பினார், மேலேயும் அந்த வரிதான் பிடித்துப்போயிற்று. இரண்டு நாளில் உத்தரவு வந்தது.

கப்பல் புறப்பட்ட அன்று வழக்கம்போல ஊர் முழுக்கக் கப்பல் துறையில் நின்றது. சாரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, வைத்துவிட்டு இறங்கி வந்தவன் குழந்தைவேலு.

"இன்னும் எதுக்குடா தூக்குற?" என்றாள்.

"பழக்கமாயிட்டுது." கையைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். "அக்கா, நான் கோவமா இல்லை. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தப் பேப்பரை நீங்களே அடிச்சுக் கொண்டுபோனீங்களாமே? எனக்கு அது தோணவே இல்லையேக்கா! நான் பாட்டுக்குக் கிழங்கைக் கொடுத்துட்டுக் கும்பிட்டுட்டு வந்துக்கிட்டிருந்தேன். எனக்கும் சொல்லித்தாங்க."

அவன் கண்ணில் நிஜமான வியப்பு இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவனை ஏற இறங்கப் பார்க்கத் தலையை நிமிர்த்தினாள். பார்வை பாதியிலேயே தளர்ந்து, அவன் சட்டைப் பொத்தானில் வந்து நின்றது.

சங்கு ஊதியது. மேலே, அவள் படுத்திருக்கவேண்டிய இடத்துக்குச் சொந்தக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் பொதுவாகக் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

துறையிலிருந்து நேராகத் தந்தி ஆபீசுக்கு நடந்தாள். குழந்தைவேலுவும் வந்தான், பெண் வீட்டுக்கு அவனும் ஏதோ ஒன்று சொல்லியாகவேண்டும். மரகதத்தின் அக்கா நீலாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாள். வேலை நிரந்தரம், மே மாதம் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதத் தொடங்கினாள். அப்படியானால் இப்போது ஏன் வரவில்லை என்று பெண் கேட்பாள். ஒன்பது வயதுக்கு அந்தக் கேள்வி வரும். தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. மெயின்லேண்டில் இருப்பவர்கள் கப்பலைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். கொஞ்சம் தடுமாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. குழந்தைவேலு குடையை விரித்து, தன் தோள் நனைய, முழுக்க அவள் பக்கம் சாய்த்தான்.

"உள்ளே வாங்கக்கா. பெர்மனென்ட் ஆளு நனையக்கூடாது."

கிண்டல் பண்ணுகிறானா, மெய்யாகவே மரியாதை கொடுக்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் ஒருவன் வாயைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது இரண்டு தடவை பார்த்தும் தெரியவில்லை. குடைக்குள் வந்து, அவன் நடைக்குத் தகுந்தபடி நடந்தாள்.